கைப்பையில் இருந்த கணக்கு



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் ஒருவன், "உன் ட்ரெயினிங் அனுபவத்தை எழுதிக் குடு மாப்ளே, நாலு பக்கம் வேணும்" என்று கேட்டான். உடனே உட்கார்ந்து 'மேகக் கணிமையின் பயன்கள்' என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை எழுதினேன். அதில் எல்லாம் இருந்தது. நான் செய்த தப்பு மட்டும் இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் பல பேர் இதே வேலையைச் செய்யப் போகிறீர்கள். நான் விழுந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் சுற்றிக்கொண்டு போகலாம் அல்லவா?

அண்ணாச்சி கடை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. பம்புசெட், பி.வி.சி. பைப், மோட்டார் சாமான்கள். அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் என்று நாலா திசையிலும் உள்ள சின்னக் கடைக்காரர்கள் இங்கேதான் சரக்கு எடுப்பார்கள். பெரும்பாலும் கடன்தான். "அறுவடை முடியட்டும் அண்ணாச்சி, தாரேன்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போவார்கள். அண்ணாச்சியும் சரி என்பார். அந்தப் பாக்கிக் கணக்கு முழுவதும் கடையின் உள் அறையில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதற்குக் கடையில் 'சர்வர்' என்று பெயர். பெயர்தான் பெரிது. பழைய டவர் பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், பக்கத்தில் ஒரு யு.பி.எஸ்., மேலே ஒரு சாமி படம். அவ்வளவுதான்.

2024 மே மாத விடுமுறையில் அங்கே ட்ரெயினிங் போனேன். போன முதல் நாளே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்ன விஷயம், 2023 டிசம்பர் வெள்ளம். உங்களில் பல பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. ஜங்ஷன் பக்கமும் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி கடைக்குள் தண்ணீர் ஏறவில்லை, இரண்டு படியோடு நின்றுவிட்டது. ஆனால் தெருக்கோடியில் தாழ்வாக இருந்த இன்னொரு கடையில் கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. அந்தக் கடைக்காரர் முன்ஜாக்கிரதையாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்திருந்தார். எங்கே? அதே மேஜையின் கீழ் டிராயரில்!

"சரக்கு போச்சுன்னா மறுபடி வாங்கிரலாம் தம்பி. கணக்கு போச்சுன்னா யாருட்ட போயி, எவ்வளவுன்னு கேக்க? அவன் 'ஐயாயிரம்தான் அண்ணாச்சி'ம்பான். நாமளும் சரின்னு வாங்கிட்டு வரணும்" என்றார். "என்னமோ கிளவுடு கிளவுடுங்காங்களே, அதுல போட்டுரு. வெள்ளம் அங்க வராதுல்லா?"

இன்னொரு காரணமும் இருந்தது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்தந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் கடுமை. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும் என்று 2022-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அண்ணாச்சி கடை கம்பெனி இல்லை, தனி உரிமைதான். இருந்தாலும் ஆடிட்டர் சொல்லிச் சொல்லி அவருக்கு அது மனதில் இருந்தது.

கண்ணாடி காப்பாற்றாது

சர்வரில் ஏற்கெனவே இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணாச்சிக்கு அந்தப் பெட்டியை விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதற்கு ரெய்டு-1 என்று பெயர். 'மிர்ரரிங்' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் தேய்ந்து நின்றுபோனால் கடை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அளவுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் கண்ணாடியில் தெரியும் உருவம் நீங்கள் செய்வதைத்தான் செய்யும். ஒரு ஃபைலைத் தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பெட்டியோடு எரிந்தால் இரண்டும் எரியும். ஆகவே ரெய்டு வேறு, பேக்கப் வேறு. இதை நான் அண்ணாச்சிக்கு ரொம்பப் பெருமையாக விளக்கினேன்.

மும்பைக்கு அனுப்பினேன்

கிளவுட் என்றால் வானத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஊரில் வேறொருவர் கட்டி வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் கட்டடம். அதில் நாம் வாடகைக்கு இடம் எடுக்கிறோம். அமேசான் நிறுவனம் எஸ்-3 என்ற இந்தச் சேமிப்புச் சேவையை 2006-இல் தொடங்கியது. 2016-இல் மும்பையில் அவர்கள் கட்டடங்கள் வந்தன. அந்த மும்பை இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். இந்தியாவுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது ஆடிட்டரின் ஆசை.

அந்தச் சேவையில் பல விலைகளில் 'அலமாரி'கள் உண்டு. மிக மலிவான அலமாரிக்கு 'டீப் ஆர்க்கைவ்' என்று பெயர். விலையைப் பார்த்து அதில் போடப் போனேன். எங்கள் லேப் சார்தான் போனில் தடுத்தார். "அதுல போட்டா திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரைக்கும் ஆகும். திங்கக்கிழமை காலையில கடை நிக்கும்போது 12 மணி நேரம் காத்திருப்பாரா உங்க அண்ணாச்சி?" என்றார். அதோடு, உள்ளே போடும் டேட்டாவுக்குப் போக்குவரத்துக் கட்டணம் இல்லை, ஓர் அளவுக்கு மேல் வெளியே எடுத்தால்தான் கட்டணம் என்பதையும் சொன்னார். சாதாரண அலமாரியிலேயே வைத்தேன். மாதம் ஐநூறு ரூபாய்க்குள் அடங்கியது.

அனுப்பும் வேலைக்கு 'ரெஸ்டிக்' என்ற இலவச மென்பொருள். அது டேட்டாவை நம் கடையிலேயே பூட்டி, பிறகுதான் அனுப்பும். மும்பையில் யார் பார்த்தாலும் புரியாது. முதல் தடவை முழுவதும் போகும். அதன்பின் மாறியது மட்டும் போகும்.

மொத்தம் 180 ஜி.பி. இருந்தது. கடை இன்டர்நெட்டில் மேலே ஏற்றும் வேகம் 10 எம்.பி.பி.எஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 180 ஜி.பி.யை எட்டால் பெருக்கினால் 1440 ஜிகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 1,44,000 நொடி, அதாவது 40 மணி நேரம். பகலில் ஓடவிட்டால் பில்லிங் திணறும். ஆகவே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, தினம் எட்டு மணி நேரம். ஐந்து இரவுகளில் முடிந்தது. செமஸ்டரில் போட்ட கணக்கு ஒன்று நிஜத்தில் அப்படியே வந்ததைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

பிறகு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். தினம் இரவு பேக்கப் ஓடும். ஓடி முடிந்ததும் பதிவேட்டில் 'சேவ்டு' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் 'பேக்கப் வெற்றி' என்று அண்ணாச்சிக்கும் எனக்கும் மெயில் வரும். சோதிக்க வேண்டாமா? சோதித்தேன். கடைத் திறப்புவிழா போட்டோ ஒன்றை மும்பையிலிருந்து திரும்ப இறக்கிக் காட்டினேன். அண்ணாச்சி தன் அப்பாவின் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "பரவால்லியே!" என்றார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கணக்கு அக்கா

அந்தக் கடையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். எல்லோரும் 'கணக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தினம் சாயங்காலம் புறப்படும் முன் பில்லிங் மென்பொருளில் 'பேக்கப்' பட்டனை அழுத்தி, ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். ஆறு பென் டிரைவ், ஆறு நாளைக்கு. நகப்பாலிஷால் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி வைத்திருப்பார்.

நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "அக்கா, இனிமே இதெல்லாம் வேண்டாம். எல்லாம் ஆட்டோமேட்டிக்கா மும்பைக்குப் போயிருது."

அக்கா பென் டிரைவை மூடிக்கொண்டே, "அப்படியா தம்பி, நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான். நிறுத்தவும் இல்லை, விவாதம் பண்ணவும் இல்லை. நான் கூட்டாளிகளிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 'பென் டிரைவ் அக்கா' என்று பட்டப்பெயர்கூட வைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஆயுதபூஜை முடிந்த திங்கட்கிழமை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. சர்வருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சனிக்கிழமை விஜயதசமி, கடை திறந்து நல்ல வியாபாரம். கணக்கு அக்கா அன்று லீவு. ஞாயிறு இரவு இடி மின்னலோடு மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. யு.பி.எஸ். பேட்டரி ஏற்கெனவே நொந்துபோனது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது. "தம்பி, சர்வர் எந்திரிக்க மாட்டேங்குடே."

காலேஜில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடினேன். உள் அறையில் கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். எரிந்து, போகிறபோது இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போயிருந்தது. கண்ணாடியும் உடைந்தது, முகமும் உடைந்தது. வாசலில் வள்ளியூர்க்காரர் ஒருவர் சரக்கு ஏற்ற வேனோடு நிற்கிறார். பில் போட முடியவில்லை. அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சொன்னேன்: "பயப்படாதீங்க அண்ணாச்சி. எல்லாம் மும்பையில பத்திரமா இருக்கு."

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எதற்காகச் செய்தோமோ அந்த நாள் வந்துவிட்டதே என்று! லேப்டாப்பைத் திறந்து ஃபோல்டர் ஃபோல்டராக இறக்க ஆரம்பித்தேன். பழைய விலைப் பட்டியல்கள் வந்தன. ஸ்கேன் செய்த பில்கள் வந்தன. பம்பு கம்பெனிகளின் படங்கள் வந்தன. திறப்புவிழா போட்டோவும் வந்தது. பில்லிங் மென்பொருளின் டேட்டா ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே அந்த முக்கியமான டேட்டாபேஸ் ஃபைல் இல்லை.

முந்தின நாள் பேக்கப்பில் பார்த்தேன். இல்லை. செப்டம்பரில் இல்லை. ஜூலையில் இல்லை. முதல் நாள் பேக்கப்பிலேயே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? பில்லிங் மென்பொருளுக்கு அடியில் எஸ்.க்யூ.எல். சர்வர் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை தன் டேட்டாபேஸ் ஃபைலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு எந்த மென்பொருளும் அதைச் சாதாரணமாகப் படித்துவிட முடியாது. கடை பூட்டியிருந்தாலும் சர்வர் ஓடுகிறதல்லவா? இரவும் பகலும் பிடி விடவே இல்லை. ரெஸ்டிக் பாவம், தினமும் முயற்சி செய்து, 'ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் அனுப்பி, கடைசி வரியில் 'சேவ்டு' என்று போட்டிருக்கிறது. முழுதாக முடிந்தால் 0, சில ஃபைல்கள் விடுபட்டால் 3 என்று முடிவு எண்ணிலும் சொல்லியிருக்கிறது. நான் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தையைத் தேடி, அது கிடைத்ததும் வெற்றி என்று மெயில் அனுப்பச் சொல்லியிருந்தேன். நாலு மாதத்துக்கு மேல் தினம் ஒரு பொய் மெயில்! 180 ஜி.பி. போயிருக்கிறது. போக வேண்டிய 3 ஜி.பி. போகவில்லை.

என் கை நடுங்கியது. அண்ணாச்சி வாசலில் வேன்காரரிடம் "பத்து நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் கணக்கு அக்கா வந்து நின்றார். திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து நாலு புள்ளி வைத்த பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வியாழக்கிழம சாயங்காலம் வரைக்கும் இருக்கு தம்பி. சனிக்கிழம பில்லு கார்பன் காப்பி இருக்கும்லா, அத நான் ஏத்திக்கிடுதேன்."

கோடவுனில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் எஸ்.க்யூ.எல். சர்வரையும் பில்லிங் மென்பொருளையும் போட்டு, அக்காவின் பென் டிரைவிலிருந்து ஏற்றினோம். மத்தியானம் மூன்று மணிக்குக் கடை மறுபடி பில் போட்டது. சனிக்கிழமை பில்கள் நாற்பத்துச் சொச்சத்தையும் அக்கா ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கையால் ஏற்றினார். களக்காட்டுப் பாக்கி, ராதாபுரம் பாக்கி, எல்லாம் பைசா சுத்தமாக வந்துவிட்டது.

அல்வா இறங்கவில்லை

சாயங்காலம் அண்ணாச்சி எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். போனில் யாரிடமோ, "நம்ம தம்பி மும்பையில இருந்து கணக்க அப்படியே இறக்கிட்டாம்வே! படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு அக்காவுக்கு அது கேட்டது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு பில் ஏற்றுவதைத் தொடர்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருநெல்வேலி அல்வா தொண்டையில் இறங்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஒரு மனது சொன்னது: ஸ்கிரிப்டைச் சரிசெய்துவிடு, யாருக்கும் தெரியாது, அக்கா சொல்ல மாட்டார். இன்னொரு மனது சொன்னது: அக்கா சொல்லமாட்டார் என்பதால்தான் நீ சொல்ல வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய், அண்ணாச்சி தனியாக இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாலு மாசமாவா?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி." மறுபடி மௌனம். பிறகு சொன்னார்:

"நீ இப்பமாவது சொன்னியே. நான் நாளைக்கு அந்தப் பிள்ளய கூப்பிட்டு, 'இனிமே இந்தப் பென் டிரைவுலாம் எதுக்கும்மா, வீட்டுக்குத் தூக்கிட்டு அலையாத'ன்னு சொல்லணும்னு இருந்தேன்."

நண்பர்களே, அப்போதுதான் எனக்கு வியர்த்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்தக் கடையில் உண்மையில் வேலை செய்த ஒரே பேக்கப்பையும் என் பெயரால் நிறுத்தியிருப்பார்கள்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன் அக்கா நான் சொல்லியும் நிறுத்தல?" என்றும் கேட்டேன்.

"பத்து வருஷத்துக்கு முன்னால வேற கடையில இருக்கும்போது, மார்ச் மாசம் கம்ப்யூட்டர் போயிட்டு. ஒரு வருஷக் கணக்க மறுபடி ஏத்துனேன் தம்பி. நாப்பது நாள். அதுல இருந்து பழகிட்டு" என்றார். "பென் டிரைவுல எடுத்தாலும், சரியா எடுத்திருக்கான்னு மாசக் கடைசியில அந்த டெஸ்ட் கம்பெனியில ஏத்திப் பாப்பேன். கடைசி பில் நம்பரும் மொத்தப் பாக்கியும் ஒத்து வருதான்னு பாத்துட்டுத்தான் தூங்கப் போவேன்."

யோசித்துப் பாருங்கள். பேக்கப்பை வேறு இடத்தில் வை, ஒன்றுக்கு மேல் வை, திரும்ப ஏற்றிச் சோதித்துப் பார். இதைத்தான் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்கா நகப்பாலிஷ் வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

தனியாக நான் மட்டும் இல்லை

இதை லேப் சாரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. இரண்டு கதை சொன்னார். இரண்டும் உலகறிந்தவை.

ஒன்று: 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படம் 1999-இல் வந்தது. அதைப் பிக்சார் நிறுவனத்தார் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1998-இல், யாரோ ஒருவர் தவறான கட்டளையைக் கொடுத்து படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுத்தார்கள், அது சரியாக வேலை செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. காப்பாற்றியது யார்? குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் ஒரு பிரதி இருந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள். நம் அக்காவின் கைப்பைக்கும் இந்தப் போர்வைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு: 2017 ஜனவரி 31 அன்று, கம்ப்யூட்டர் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைத்துப்போன நேரத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. 'தோற்றுவிட்டது' என்று சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் உதவியது. அந்த நிறுவனத்தார் இதை மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் அப்படியே வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று நாம் அதிலிருந்து படிக்கிறோம்.

"கிளவுட்ல இருந்தா பத்திரம்னும் நெனைக்காத" என்று சார் சேர்த்துக்கொண்டார். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே தீயில் எரிந்து போனது. சர்வரையும் பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஜங்ஷன் கடைக்காரரின் மேஜை டிராயரும் ஸ்ட்ராஸ்பர்க்கும் ஒன்றுதான்.

இப்போது எப்படி ஓடுகிறது?

அண்ணாச்சி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "நீயே சரி பண்ணு. இந்தத் தடவை அந்தப் பிள்ளட்ட காட்டி, அவ சரின்னு சொன்னாத்தான் எனக்குச் சரி" என்றார். இதைவிட நல்ல வைவா எனக்கு இனி நடக்கப் போவதில்லை.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் இரவு எட்டரைக்கும், டேட்டாபேஸே தன்னைத்தானே ஒரு பேக்கப் ஃபைலாக எழுதி வைக்கும்படி எஸ்.க்யூ.எல். சர்வருக்குக் கட்டளை போகிறது. இலவசப் பதிப்பில் நேரப்படி ஓடும் வசதி கிடையாது. ஆகவே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருக்கிறேன். அந்தப் பேக்கப் ஃபைலை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதுதான் மும்பைக்குப் போகிறது. முடிவு எண் 0 ஆக இருந்தால் மட்டுமே 'வெற்றி'. மெயிலில் வெறும் வெற்றி என்று வராது. அந்த ஃபைலின் அளவும் தேதியும் சேர்ந்து வரும். மெயில் வராவிட்டாலும் அது ஒரு செய்திதான் என்று அக்காவுக்குத் தெரியும். மேஜை நோட்டில் தினம் ஒரு டிக் போடுகிறார்.

பென் டிரைவ் நிற்கவில்லை. அது கம்ப்யூட்டரில் செருகாமல் கைப்பையில் கிடப்பதால் எந்த வைரஸும் அதைத் தொட முடியாது. ஆக, சர்வரில் ஒன்று, கைப்பையில் ஒன்று, மும்பையில் ஒன்று. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வெளியிடத்தில். இதை 3-2-1 என்று சொல்வார்கள்.

ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் மும்பையில் இருப்பது எவருக்கும் பயன்படாத குப்பை. என் தலைக்குள் மட்டும் அது இருந்தால், நான் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஆகவே தாளில் எழுதி, உறையில் ஒட்டி, ஒன்று அண்ணாச்சி வீட்டுப் பீரோவில், ஒன்று அக்காவிடம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடை மூடியபின், மும்பையிலிருந்து இறக்கி ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றுகிறோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கடைசி பில் நம்பர் ஒத்து வர வேண்டும். மொத்தப் பாக்கி ஒத்து வர வேண்டும். முதல் தடவை இரண்டும் ஒத்து வந்தபோது அக்கா, "ம், இப்பம் சரி" என்றார். எனக்கு டிஸ்டிங்ஷன் வாங்கியது போல இருந்தது.

முடிவாக ஒன்று. நாம் டிப்ளமோ முடித்து வெளியே போனால் இந்த மாதிரிக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும்தான் முதலில் போவோம். புதியதைக் கொண்டுவருவது நம் வேலைதான்; பயப்பட வேண்டாம். ஆனால் போன முதல் வாரத்தில், அங்கே பல வருஷமாக இந்த வேலையைப் பார்த்துவரும் அக்காவோ அண்ணனோ யார் என்று தேடிப் பிடித்து, அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுங்கள். திறப்புவிழா போட்டோவை இறக்கிக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசி பில் நம்பரை இறக்கிக் காட்டுங்கள்.

இந்தக் கட்டுரையைக் கொடுக்கும் முன் கணக்கு அக்காவிடம் படித்துக் காட்டினேன். "என்னைப் பத்தி எதுக்கு இவ்வளவு எழுதியிருக்க?" என்று கேட்டுவிட்டு, "இந்தக் கட்டுரைக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கியா?" என்றார்.

இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா!

— மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல்